காருக்குள் இரும்பு இருந்த இடத்தில் பிளாஸ்டிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணிப்பேட்டையில் கார் உதிரிபாகங்கள் வார்க்கும் ஒரு தொழிற்கூடத்தில் தரச் சோதனைப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தேன். இப்போது காட்பாடியில் ஓய்வாக இருக்கலாம் என்று பார்த்தால், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் இலை போடுவதற்குள் ஆரம்பித்துவிடுகிறார்: "காரில் எல்லாம் பிளாஸ்டிக் ஆகிவிட்டதே, என்ன அநியாயம்?" பனப்பாக்கத்தில் டாடா நிறுவனத்தின் கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டிய பிறகு கேட்பவர்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

டேஷ்போர்டைத் தட்டினால் காலி டப்பா போலச் சத்தம் வருகிறது. இது எப்படி ஐயா உயிரைக் காப்பாற்றும்?

நீங்கள் தட்டுவது மேல்தோலை. பாதுகாப்பு வேலையைச் செய்பவை அதற்குப் பின்னால் இருக்கின்றன: ஸ்டீயரிங்கைத் தாங்கும் குறுக்குச் சட்டம், முழங்கால் மோதும் இடத்தில் உள்ள தாங்கிகள், ஏர்பேக் பெட்டி. சீட்டின் உறைக்குள் ஒரு சட்டகம், கதவின் உள்ளே விலாவுக்கும் இடுப்புக்கும் எதிரே சில மெத்தைகள். இவற்றில் சில இன்றும் இரும்பு. சில பிளாஸ்டிக். சில இரண்டும் கலந்தவை.

எதிர்பாராத ஒரு செய்தி. இந்தியச் சந்தைக் கார்களை குளோபல் என்கேப் அமைப்பு மோதிச் சோதித்த அறிக்கைகளில் ஒரு வாசகம் அடிக்கடி வரும்: முன்னிருக்கையில் இருப்பவர்களின் முழங்கால், டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஆபத்தான அமைப்புகளில் மோதக்கூடும் என்று. அந்த ஆபத்தான அமைப்பு பெரும்பாலும் குறுக்கே ஓடும் இரும்புக் குழாய்தான். பலமான பொருள் என்பதாலேயே அது உடம்புக்கு நல்லது என்று ஆகிவிடாது.

கம்போசிட் என்றால் குளியலறைக் கதவில் போடுகிறார்களே, அந்த ஃபைபர்தானே?

உறவு உண்டு, ஆனால் பங்காளி அல்ல. நம் ஊரில் பம்பரும் ஃபைபர், தண்ணீர்த் தொட்டியும் ஃபைபர், குளியலறைக் கதவும் ஃபைபர். கம்போசிட் என்பது இழையும் பிடிப்பானும் சேர்ந்த பொருள். மண்சுவர் எழுப்பும்போது சேற்றில் வைக்கோலைப் போட்டு மிதிப்பார்களே, அதே யோசனை. இங்கே வைக்கோலுக்குப் பதில் கண்ணாடி இழை, சில விலையுயர்ந்த கார்களில் கார்பன் இழை. சேற்றுக்குப் பதில் நைலான், பாலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்குகள்.

இழையின் நீளத்தில்தான் சூட்சுமம். உருக்கி வார்க்க வரும் சாதாரண நைலான் மணிகளில் இழை 3 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். வார்த்து முடிந்ததும் ஒடிந்து அரை மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். நீள இழை மணிகளில் 10, 12 மில்லிமீட்டர். இதற்கும் மேலே, அறுபடாத இழையைத் துணியாக நெய்து நைலானில் தோய்த்த தகடுகள் உண்டு. குடியாத்தத்தில் லுங்கி நெய்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: பாவு, ஊடு இரண்டு பக்கமும் இழை போவதால் அந்த இரண்டு பக்கம் இழுத்தாலும் தாங்கும். இந்தத் தகட்டைச் சூடாக்கி அச்சில் வைத்து வளைத்து, அதன் முதுகில் விலா எலும்பு போன்ற வரிகளை நைலானில் வார்த்துவிடுவார்கள். புதிய வகை சீட் சட்டகங்கள், பிரேக் பெடல்கள் சில இப்படித்தான் வருகின்றன.

இதெல்லாம் இப்போது காசை மிச்சம் பிடிக்க வந்த புதுப் பழக்கம்தானே?

ஹென்றி ஃபோர்டு பிளாஸ்டிக் உடல் போர்த்திய காரைக் காட்டியது 1941இல். செவ்ரோலே கார்வெட் கண்ணாடி இழை உடலோடு 1953இல் வந்தது. பக்கத்திலேயே பெங்களூரில் சிபானி டால்ஃபின் ஓடியது, 2001இல் ரேவா வந்தது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை தோல் மட்டும். ரேவாவில்கூட பிளாஸ்டிக்குக் கீழே இரும்புச் சட்டகம்தான். மனிதர் உட்காரும் கூட்டையே கார்பன் இழையில் செய்து எண்ணிக்கையில் விற்றுக் காட்டியது 2013இல் வந்த பி.எம்.டபிள்யூ ஐ3. ஆகவே பிளாஸ்டிக் பழையது. அதன் மேல் சுமையை ஏற்றியதுதான் புதியது.

காசைப் பற்றி: கண்ணாடி இழை நைலான், இரும்பைவிடக் கிலோ விலை அதிகம். மிச்சம் வருவது வேறு இடத்தில். பதினைந்து, இருபது தகடுகளை அடித்து, வெட்டி, வெல்டிங் வைத்துச் செய்த ஒன்றை ஒரே வார்ப்பில் எடுத்துவிடலாம். ஒயர் பிடிக்கும் கிளிப், ஏசி காற்றுக்குழாய் எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

இரும்பைவிட விறைப்பு இருபது மடங்கு குறைவு என்று பாலிடெக்னிக் புத்தகத்திலேயே இருக்கிறது. அப்புறம் எப்படி இரும்பின் இடத்தில் வைக்கிறார்கள்?

நல்ல கேள்வி, கணக்கோடு பார்த்துவிடலாம். இரும்பின் விறைப்பு சுமார் 210 ஜிகாபாஸ்கல், 30 சதவீதக் கண்ணாடி இழை சேர்ந்த உலர்ந்த நைலானுக்கு சுமார் 10. இருபத்தொரு மடங்கு வித்தியாசம். ஆனால் ஒரு தகடு வளைவதைத் தடுக்கும் திறன் அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 21இன் கனமூலம் 2.76. அதாவது 1 மில்லிமீட்டர் இரும்புத் தகடு வளையாமல் நிற்கும் அளவுக்கு நிற்க, நைலானுக்கு 2.76 மில்லிமீட்டர் போதும். ஒரு சதுர மீட்டருக்கு இரும்பு 7.85 கிலோ, அந்த நைலான் தகடு சுமார் 3.8 கிலோ. பாதிக்கும் கீழே. பின்னால் வரிகள் எழுப்பினால் இன்னும் குறையும்.

ஆனால் இந்தக் கணக்கு வளைவுக்கு மட்டும் பொருந்தும். ஒரு பட்டையை நேராக இழுத்தால் மும்மடி உதவாது. இருபத்தொரு மடங்கு பருமன் வேண்டும், எடை மூன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். எங்கே இரும்பு போகும், எங்கே தங்கும் என்பதற்கு முக்கால்வாசி விடை இந்த இரண்டு பத்தியில் இருக்கிறது.

அப்படியானால் சீட் பெல்ட் மாட்டும் இடமும் பிளாஸ்டிக் ஆகிவிடுமா?

இழுவை வேலை அது. முந்தைய கணக்குப்படி இரும்பு விட்டுக்கொடுக்காத இடம். ஐரோப்பிய விதியில் கார் பெல்ட் பிடிமானத்தைச் சோதிக்கும்போது தோள் பட்டையில் 13,500 நியூட்டன், இடுப்புப் பட்டையில் இன்னொரு 13,500 நியூட்டன் ஒரே நேரத்தில் இழுப்பார்கள். ஏறக்குறைய ஒன்றேகால் டன்னுக்கும் மேல், இரண்டு முறை. ஆகவே பெல்ட் கொக்கி, சீட் தண்டவாளம், சாய்மானத்தைப் பூட்டும் பல்சக்கரம் ஆகியவை இரும்பாகவே இருக்கின்றன; சட்டகம் கம்போசிட் ஆன சீட்டிலும் இந்த இடங்களில் இரும்புத் துண்டைப் பதித்துத்தான் வார்ப்பார்கள்.

எடை குறைந்தால் மைலேஜ் எவ்வளவு ஏறும்?

காரின் எடையில் 10 சதவீதம் குறைத்தால் எரிபொருள் 6 முதல் 8 சதவீதம் மிச்சமாகும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. 1,000 கிலோ காரில் உள்ளே 5 கிலோ குறைத்தால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இதைப் பெரிதாகப் பேசுபவர் விற்பனைப் பிரிவில் இருப்பவராக இருக்கும்.

எங்கள் வேலூர் வெயிலில் இதெல்லாம் இளகிவிடாதா?

வெயிலூர் என்று பெயர் வாங்கிய ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். மே மாதத்தில் வெளியே 42 பாகை என்றால், கோட்டை மைதானத்தில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு மேற்பரப்பு 80 பாகையைத் தாண்டும். உருகாது, நைலான் 66 என்ற வகை உருக 260 பாகை வேண்டும். ஆனால் உருகுவதற்கு வெகு முன்பே, 60, 70 பாகையை ஒட்டி, நைலான் விறைப்பு தளர்கிறது. கண்ணாடி இழை இருந்தும் 80 பாகையில் அறைவெப்ப விறைப்பில் சுமார் பாதிதான் மிஞ்சும். அதனால் வடிவமைப்பவர் 23 பாகை எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பு. ஏர்பேக் உதிரிகளைப் பொதுவாக மைனஸ் 35, 23, 85 என்று மூன்று வெப்பநிலைகளில் வெடிக்கவைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். சூட்டில் இளகுமா என்பதைவிட, குளிரில் கண்ணாடி போல நொறுங்குமா என்பதே அந்தச் சோதனையில் எங்களுக்கு அதிக வயிற்றுக் கலக்கம்.

நைலானுக்கு இன்னொரு குணம் உண்டு: காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் விறைப்பு குறையும், ஆனால் அடி தாங்கும் தன்மை கூடும். அச்சிலிருந்து எடுத்த சூட்டோடு உலர்ந்த நைலானைத் தரையில் போட்டால் உடைவதும், மழைக்காலம் ஒன்று கண்ட அதே பாகம் குதித்துப்போவதும் இதனால்தான். பாலிபுரொப்பிலீனுக்கு இந்தத் தாகம் இல்லை.

வெயிலில் நான் உண்மையாகவே கவனிக்கச் சொல்வது திருகுகளை. இறுக்கிய பிளாஸ்டிக், சூட்டில் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நெகிழ்ந்து இறுக்கத்தை இழக்கும். அதைத் தடுக்கத் துளைக்குள் புஷ் என்ற சின்ன உலோக வளையம் வைத்திருப்பார்கள். திருகின் அழுத்தம் முழுவதும் அதன் மேல் உட்காரும். டேஷ்போர்டைக் கழற்றி மாட்டும்போது அந்தச் சின்னப் புஷ் கீழே விழுந்து "மிச்சமான சாமான்" டப்பாவுக்குப் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இரும்பு வளையும். பிளாஸ்டிக் உடைந்து சில்லுச் சில்லாகக் குத்தாதா?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் பயம் நியாயமானது. இரும்பு விழுவதற்கு முன் எச்சரிக்கும்: நெளியும், முனகும், வளையும். இழைப் பொருள் பெரும்பாலும் கடைசி வரை நேராக நின்றுவிட்டுச் சட்டென்று போகும். அதனால் உடையும் விதத்தையும் சேர்த்துத்தான் வடிவமைக்க வேண்டும். ஒரு கார்பன் இழைக் குழாயை நிற்கவைத்து நசுக்கினால், முனை சரியாகச் சீவப்பட்டிருந்தால், அது ஒடிவதில்லை. நுனியிலிருந்து பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டே வரும். அப்படி உதிரும்போது கிலோவுக்குக் கிலோ இரும்பைவிடப் பல மடங்கு ஆற்றலை விழுங்கும். அதே குழாய் பக்கவாட்டில் வளைந்து ஒடிந்தால் ஒன்றுக்கும் உதவாது.

ஆட்கள் உட்காரும் பக்கம் கூர் முனை வரக் கூடாது என்பதற்கு விதியே இருக்கிறது. ஐரோப்பாவின் 21ஆம் எண் விதியில், தலை படக்கூடிய இடத்து விளிம்பின் வளைவு ஆரம் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 6.8 கிலோ தலை வடிவத்தை மணிக்கு 24.1 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டு, வேகத் தளர்ச்சி 80 ஜி அளவை (புவியீர்ப்பைப் போல 80 மடங்கு) 3 மில்லிநொடிக்கு மேல் தாண்டுகிறதா என்றும் பார்ப்பார்கள். சில்லு தெறிக்காதிருக்க, ரப்பர் தன்மையுள்ள சேர்க்கையை நைலானில் கலப்பதும், உடைந்தாலும் இழைகள் துண்டுகளைத் தொங்கப் பிடித்திருக்கும்படி நெய்த தகட்டைப் பயன்படுத்துவதும் வழக்கம்.

ஏர்பேக் வெடிக்கிற வேகத்தை பிளாஸ்டிக் பெட்டி தாங்குமா? டேஷ்போர்டில் பிள்ளையார் வைத்திருக்கிறோம், பரவாயில்லையா?

பெட்டி தாங்கும். பயணியின் பக்கத்து ஏர்பேக் பெட்டிகள் கண்ணாடி இழை நைலானில் பல ஆண்டுகளாக வருகின்றன. மேலே சொன்ன மூன்று வெப்பநிலைச் சோதனை அவற்றுக்கானது. பை விரிய ஆகும் நேரம் சுமார் 30 மில்லிநொடி. கண் இமைப்பதைவிட வேகம்.

பிள்ளையார் விஷயம் வேறு. பயணிப் பக்கத்து மூடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடு உள்பக்கம் கீறப்பட்டிருக்கும். அந்தக் கோட்டில் கிழிந்துதான் பை வெளியே வரும். அந்த இடத்தில் பசை போட்டு ஒட்டிய சிலை, மூடி திறக்கும்போது முகத்தை நோக்கிப் பறக்கும். சாமியை நடுவில், ஏசி துவாரத்தின் மேல்பக்கம் கொண்டுபோய், துணியில் செய்த சின்ன உருவமாக வையுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆம்பூரில் நல்ல தோல் கிடைக்கிறது. சீட்டுக்கு லெதர் கவர் தைத்துப் போட்டுக்கொள்ளலாமா?

உங்கள் சீட்டின் சாய்மான ஓரத்தில் "ஏர்பேக்" என்று சின்னச் சீட்டு தைத்திருந்தால் அவசரப்படாதீர்கள். அங்கே பக்கவாட்டுப் பை இருக்கிறது. தொழிற்சாலை உறையில் அந்தத் தையல் வேண்டுமென்றே பலவீனமான நூலால் போடப்பட்டது, பை கிழித்துக்கொண்டு வருவதற்காக. நம் ஊர்த் தையல்காரர் அதைக் கெட்டியாக இரட்டைத் தையல் போட்டுத் தருவார். தோல் தொழிலில் அவர் பெருமையே அதுதான். இங்கே அந்தப் பெருமை வேண்டாம். பக்கவாட்டுப் பை இல்லாத சீட் என்றால் தாராளமாகப் போடலாம்.

தீப்பிடித்தால் என்ன ஆகும்?

இரும்பு எரியாது, பிளாஸ்டிக் எரியும், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கேபினில் முதலில் எரிவது சீட் நுரையும் துணியும் தரைவிரிப்பும். அமெரிக்காவில் 1972 முதல் உள்ள விதிப்படி கேபின் பொருளில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது. நம் நாட்டு விதியும் இதே வழியில்தான். அது ஆள் இறங்க நேரம் தருவதற்கான அளவு, அணைந்துவிடும் என்ற உறுதி அல்ல.

ஐந்து ஸ்டார் கார் என்றால் உள்ளே எல்லாம் இரும்பு என்று அர்த்தமா?

இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் சோதனையில் காரை மணிக்கு 64 கிலோமீட்டரில் முன்பக்கம் மோதவிடுவார்கள், பக்கவாட்டில் 50இல் மோதுவார்கள், கம்பத்தில் 29இல் பக்கவாட்டாக மோதவிடுவார்கள். உள்ளே உட்காரவைத்த மனித உருவப் பொம்மையின் தலை, மார்பு, முழங்கால் என்ன வாங்கியது என்று அளப்பார்கள். எந்தப் பொருள் என்று யாரும் கேட்பதில்லை. சீட்டுக்குத் தனிச் சோதனைகள் உண்டு. அவற்றில் ஒன்று நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகப் புரியும்: டிக்கியில் 18 கிலோ கட்டை இரண்டை வைத்து 50 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்துவார்கள், பின்சீட் சாய்மானம் அதைத் தடுத்து நிறுத்த வேண்டும். ஆற்காட்டிலிருந்து அரிசி மூட்டையை டிக்கியில் ஏற்றி வருபவர்கள் இதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

மோதலில் உள்ளே ஒரு பிராக்கெட் விரிசல் விட்டது. ஒட்டிக்கொள்ளலாமா?

கூடாது. கதையோடு சொல்கிறேன். என் மைத்துனர் கார் வாலாஜா சுங்கச்சாவடிக்கு முன்னால் ஒரு வேனின் பின்னால் இடித்தது. பெரிய சேதமில்லை. ஒரு பட்டறையில் விட்டார். புதிது போலத் திரும்பி வந்தது. எனக்கு நமைச்சல் தாங்காமல் கையுறைப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். முழங்கால் தாங்கியின் விரிசலில் சூடான கம்பிப் பின்களைக் குத்தி, மேலே எம்சீல் பூசி, கறுப்புச் சாயம் அடித்திருந்தார்கள். கைவேலை அழகு, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தாங்கி ஒரு குறிப்பிட்ட விசையில் நசுங்க வேண்டியது. இப்போது பின் குத்திய இடத்தில் அது கட்டியாக நிற்கும், அல்லது முதல் அடியிலேயே பிரியும். எது என்று யாராலும் சொல்ல முடியாது.

இரும்பை டிங்கரிங் செய்பவர் நெளிவை எடுத்து வெல்டிங் வைத்தால் ஓரளவுக்குத் தேறும். இழை ஒரு முறை அறுந்தால் பசை அதை இணைக்காது. பிடிப்பானை மட்டும் ஒட்டும். வைக்கோல் அறுந்த மண்சுவரில் மேலே சுண்ணாம்பு அடிப்பது போல. மாற்றத்தான் வேண்டும்.

இதில் பட்டறையை மட்டும் திட்டிப் பயனில்லை. காப்பீட்டில் பிளாஸ்டிக், நைலான், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிக்கிறார்கள், கண்ணாடி இழைப் பாகத்துக்கு 30. ஆறு மாதத்துக்குட்பட்ட கார் என்றால் இரும்புப் பாகத்துக்குக் கழிவே இல்லை. தேய்மானம் கழிக்காத பாலிசி இல்லாதவர் பாதிப் பணத்தைக் கையிலிருந்து போட வேண்டும் என்றால், எம்சீல் டப்பாவைத் தேடத்தான் செய்வார். பாதுகாப்புக்காக வைத்த நைலான் பாகத்தையும் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் மட்ஃபிளாப்பையும் ஒரே தராசில் வைக்கும் இந்த வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

வார்ப்பு ஓட்டத்தில் மிஞ்சும் கழிவை அரைத்துத் திரும்பக் கலந்தால் என்ன, அதே பிளாஸ்டிக் மணிதானே?

சிப்காட் தம்பிகள் கேட்பது. பக்கெட் வார்க்கிறீர்கள் என்றால் கலந்துகொள்ளுங்கள். இரண்டாவது பதிலைப் பாருங்கள்: வலிமை இழையின் நீளத்தில் இருக்கிறது. அரைவையில் ஒரு முறை, வார்ப்பு இயந்திரத்தின் திருகில் ஒரு முறை என்று இழை மேலும் ஒடியும். நிறம், எடை, அளவு எல்லாம் சரியாகவே இருக்கும். அடித்தால் மட்டும் உடையும். ஈரத்தை விரட்டாமல் ஓட்டுவதும் இதே ரகம். நைலானை 80 பாகையில் நான்கு மணி நேரம் காயவைக்காமல் ஓட்டினால் அதன் மூலக்கூறுச் சங்கிலியே சூட்டில் அறுந்துவிடும். மின்தடை என்று காயவைப்பதைச் சுருக்கிய ஓர் இரவு ஷிஃப்டின் சரக்கை மொத்தமாக நிராகரித்ததற்காக இரண்டு மாதம் என்னோடு பேசாமல் இருந்த மேற்பார்வையாளர் ஒருவர் உண்டு.

கணினியில் மோதவிட்டபோது தாங்கியது. உண்மையான சோதனையில் ஏன் சார் உடைந்தது?

கல்லூரி மாணவர்களின் கேள்வி. பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது, இழை எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்பதைக் கொடுக்காமல், எல்லாப் பக்கமும் ஒரே வலிமை என்று இரும்பைப் போலக் கொடுத்திருப்பீர்கள். உருகிய நைலான் ஓடிய திசையில்தான் இழை படுக்கும். குறுக்கே இழுத்தால் வலிமை வெகுவாகக் குறையும். வார்ப்பு ஓட்டத்தைக் கணித்து, அந்த இழைத் திசையை மோதல் கணக்குக்குள் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது, வெல்டு லைன். துளையைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து ஓடிய நைலான் மறுபக்கம் சந்திக்கும் கோடு. அங்கே இழைகள் கோட்டைத் தாண்டிப் போவதில்லை. வலிமை பாதிக்குக் கீழேகூடப் போகும். நான் பார்த்த உடைசல்களில் பெரும்பாலானவை அந்தக் கோட்டில்தான் தொடங்கின. நைலான் அச்சுக்குள் புகும் நுழைவாயிலை இடம் மாற்றி, கோட்டைச் சுமை இல்லாத இடத்துக்குத் தள்ளுவதுதான் மருந்து. மூன்றாவது, மெதுவாக இழுத்து எடுத்த வலிமை எண்ணை, 100 மில்லிநொடியில் முடிந்துவிடும் மோதலுக்குப் போட்டிருப்பீர்கள். பிளாஸ்டிக் வேகத்துக்கு ஏற்பக் குணம் மாறும்: வேகமாக அடித்தால் விறைப்பாகும், நீட்சி குறையும்.

பழைய கார் வாங்கப் போகிறேன். இந்த விஷயத்தில் எங்கே கைவைத்துப் பார்க்க வேண்டும்?

கையுறைப் பெட்டியைக் கழற்றுங்கள். பல கார்களில் இரண்டு பக்கமும் அமுக்கினாலே வந்துவிடும். டார்ச் அடித்து முழங்கால் தாங்கியையும் ஏர்பேக் பெட்டியின் பிடிமானத்தையும் பாருங்கள். கறுப்பு நைலானில் வெள்ளை பூத்தது போன்ற கோடு தெரிந்தால் அது தாங்க முடியாத இழுவையைக் கண்டிருக்கிறது. சாயம், பசை, பின் எதுவும் இருக்கக் கூடாது. திருகு எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவா, புஷ் இருக்கிறதா என்று பாருங்கள். சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். விற்பவர் "அதெல்லாம் எதற்குக் கழற்றுகிறீர்கள்" என்று கோபப்பட்டால், டீ குடித்துவிட்டு அடுத்த காரைப் பார்க்கப் போங்கள்.